சாக்பீஸ் எந்தக் கையில்?

“அழிச்சிடு!”

“மாட்டேன்!”

“என் வீடியோ. நான் சொல்றேன், அழி...”

“எடுத்தது யாரு? கை வலிக்க வலிக்க போனைப் பிடிச்சுக்கிட்டு நின்னது யாரு...”

“தப்பா இருக்குண்ணா!”

“எல்லாருக்கும் பிடிச்சிருக்குடி!”

“பிடிச்சா சரியாயிடுமா?”

அண்ணன் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தான். சின்னு எம்பிக் குதித்தாள். எட்டவில்லை. பக்கத்தில் இருந்த துணிக்கூடையின் விளிம்பில் ஏறினாள். கூடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. யார் யாருடைய சட்டைகளுக்கோ நடுவில் தொப்பென்று விழுந்தாள்.

“அங்க என்ன சத்தம்?” முன்னறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “நான் வந்தேன்னா ரெண்டு பேரையும் சேர்த்து மெஷின்ல போட்டுச் சுத்த விட்டுடுவேன்!”

இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். அம்மா சும்மா சொல்கிறாள் என்று தெரியும். இருந்தாலும் மெஷின் பெரியது.

அது அம்மாவின் சலவைக் கடை. முன்னறையில் மேசையும் இஸ்திரிப் பெட்டியும். பின்னறையில் இரண்டு சலவை மெஷின்கள். மேலே கம்பியில் வரிசையாகத் தொங்கும் கோட்டுகள், கவுன்கள், பாலிதீன் உறை போட்ட பட்டுத் துணிகள். பள்ளி விட்டதும் அண்ணனும் தங்கையும் இங்கேதான் வருவார்கள். கடை மூடும் வரை பின்னறைதான் அவர்களுக்குப் படிக்கும் அறை, விளையாடும் அறை, சண்டை போடும் அறை எல்லாம்.

சின்னு சட்டைக் குவியலிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். 

“அண்ணா, ஒரே ஒரு தடவை பாரு. சண்டை போடாம பாரு. வீடியோல நான் எந்தக் கையில சாக்பீஸ் வச்சிருக்கேன்?”

அண்ணன் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனைப் பார்த்தான்.

“இடது கையில.”

“நான் எந்தக் கையால எழுதுவேன்?”

“வலது... ஏய்!”

“அதான்!”

விஷயம் இதுதான். அறிவியல் டீச்சர் சமூக வலைத்தளத்தில் வகுப்புக்கென்று ஒரு குழு தொடங்கியிருந்தார். ‘சாயங்காலம் குழு உங்க கையில. ஒருத்தரை ஒருத்தர் கேளுங்க, சொல்லிக் குடுங்க. நான் வாரக் கடைசியிலதான் எட்டிப் பார்ப்பேன். எல்லாத்துக்கும் நானே பதில் சொன்னா அப்புறம் குழு எதுக்கு?’ என்று சொல்லிவிட்டார்.

நாளைக்கு முதல் பீரியடில் பரீட்சை. இதயத்தின் படம் வரைந்து, நிறம் தீட்டி, பாகங்களைக் குறிக்க வேண்டும். அதற்காக நேற்று சின்னு ஒரு வீடியோ போட்டாள். அம்மாவின் கறுப்பு ஏப்ரனை மாட்டிக்கொண்டு, அதன் மேல் பெரிய இதயம் வரைந்து, வண்ண சாக்பீஸால் தீட்டிக் காட்டினாள். உடலிலிருந்து வரும் அசுத்த ரத்தம் நீலம், அது இதயத்தின் வலது பக்கம். நுரையீரலிலிருந்து வரும் சுத்த ரத்தம் சிவப்பு, அது இடது பக்கம். தன் வலது கைப் பக்கம் நீலம் பூசினாள், இடது கைப் பக்கம் சிவப்பு பூசினாள். எல்லாம் சரியாகத்தான் செய்தாள்.

ஆனால் அண்ணன் போனை செல்ஃபி பக்கம் திருப்பி வைத்து எடுத்திருந்தான். அந்தப் போன், முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி, வலத்தை இடமாகவும் இடத்தை வலமாகவும் மாற்றிக் காட்டிவிட்டது. வீடியோவில் ஓர் எழுத்துகூட இல்லை. இருந்திருந்தால் எழுத்து இடம் வலமாகத் திரும்பித் தெரிந்து அப்போதே குட்டு உடைந்திருக்கும்.

“செல்ஃபி பக்கம் எதுக்குண்ணா வச்ச?”

“நீதானேடி சொன்ன! ‘நான் பேசறப்ப என் முகம் எனக்குத் தெரியணும், முடி கலைஞ்சிருந்தா சரி பண்ணிக்குவேன்’னு!”

 அவள் அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

“சரி விடு,” என்றான் அண்ணன். “யாருக்கும் தெரியாது. எவ்ளோ பேரு இதயக்குறி போட்டிருக்காங்க பாரு. இதயப் பாடத்துக்கு இதயக்குறி! ஒருத்தராவது தப்புன்னு சொன்னாங்களா?”

“ஒருத்தி சொன்னா.”

“யாரு?”

“புதுசு.”

இந்தப் பள்ளிக்கு வந்து சில வாரங்களே ஆன பெண் அவள். அதனால் வகுப்பில் அவளைப் ‘புதுசு’ என்றே கூப்பிட்டார்கள். வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். நேற்றுதான் முதல் முறையாகக் குழுவில் ஒரு வரி எழுதினாள். ‘வீடியோவில் நீலம் வலது ஓரத்தில் இருக்கிறது. புத்தகத்தில் இடது ஓரத்தில் இருக்கிறதே? எது சரி?’

சின்னு அதற்கு என்ன பதில் போட்டாள் தெரியுமா? ‘புத்தகத்தை நேரா பிடிச்சுப் பாரு!’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம்.

அவ்வளவுதான். அடுத்தடுத்து சிரிக்கும் முகங்களாக வந்து விழுந்தன. எப்போதும் வளவளவென்று பேசுவதால் ‘ரேடியோ’ என்று பேர் வாங்கிய பையன், ‘கண்ணாடி போடு, கண்ணாடி போடு’ என்று இரண்டு தடவை எழுதினான். கொஞ்ச நேரத்தில் புதுசின் கேள்வி இருந்த இடத்தில், ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்ற வரி மட்டும் மிச்சமிருந்தது.

நேற்று அதைப் பார்த்துச் சின்னுவுக்குச் சிரிப்பு வந்தது. இன்று அதே வரியைப் பார்க்க முடியவில்லை.

“அழிச்சிடுண்ணா. யாருக்கும் தெரியாம அழிச்சிடு.”

“அப்போ இதயக்குறி எல்லாம் போயிடுமே!”

“போகட்டும்!”

அந்த நேரம் பார்த்துப் போன் ‘டிங்’ என்றது. சின்னுவின் தோழி பம்பரம் குரல் செய்தி அனுப்பியிருந்தாள். ஓர் இடத்தில் நிற்க மாட்டாள், அதனால் பம்பரம்.

அண்ணன் அதை ஓட விட்டான்.

“சின்னு, உன் வீடியோவைப் பாத்துப் பாத்து ஒரு பக்கம் பூரா வரைஞ்சுட்டேன்டி! இப்ப கண்ணை மூடிக்கிட்டுக்கூட வரைவேன்! எங்க பெஞ்சுல எல்லாரும் அப்படித்தான். நாளைக்கு எங்க எல்லாருக்கும் முழு மார்க்குதான், போ!”



“அண்ணா,” என்றாள் சின்னு மெதுவாக. “அழிச்சாலும் பிரயோஜனமில்ல. எல்லார் நோட்டுலயும் ஏறிடுச்சு.”

அண்ணன் கையைக் கீழே இறக்கினான். “சரி, தப்புன்னு எழுதிப் போட்டுடு. ஒரு வரிதானே?”

ஒரு வரிதான். ஆனால் அந்த ஒரு வரியை எழுத விரல் வரவில்லை. எல்லாரும் என்ன சொல்வார்கள்? நேற்று வந்த சிரிக்கும் முகங்கள் எல்லாம் இன்று தன் பக்கம் திரும்புமே?

அவள் எழுதினாள். அழித்தாள். மறுபடி எழுதினாள். ‘வீடியோ தலைகீழாக இருக்கிறது’ என்று எழுதிவிட்டு, ‘யாராவது நான் தலைகீழா நிக்கிறேன்னு நினைச்சுக்குவாங்க’ என்று அதையும் அழித்தாள். கடைசியில், ‘என் வீடியோ தப்பு. நீலமும் சிவப்பும் பக்கம் மாறித் தெரிகிறது. யாரும் அதைப் பார்த்து வரையாதீர்கள்’ என்று எழுதி, கண்ணை இறுக மூடிக்கொண்டு அனுப்பினாள்.

டிங்.

ரேடியோ: ‘ஹா ஹா! சின்னு அண்ணா, வணக்கம்!’

டிங்.

வேறொருவன்: ‘இந்தத் தடவை ஏமாற மாட்டோம் அண்ணா!’

டிங். டிங். டிங்.

பம்பரம்: ‘சின்னு, போனை உங்க அண்ணன்கிட்டருந்து பிடுங்கு!’

சின்னு நிமிர்ந்து அண்ணனை முறைத்தாள். அண்ணன் கம்பியில் தொங்கிய ஒரு கோட்டை ரொம்ப அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தான்.

போன வாரம் அம்மாவின் இதே போனிலிருந்து ‘நாளைக்குப் பள்ளிக்கூடம் லீவு’ என்று குழுவில் எழுதியது அவன்தான். பாதி வகுப்பு நம்பிவிட்டது. பம்பரம் மறுநாள் காலை வெயில் ஏறும் வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கி, வீட்டில் திட்டு வாங்கினாள். அண்ணன் பள்ளிக்கு வந்து டீச்சரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

“உன்னாலதான்! இப்ப நான் நிஜமா சொன்னாலும் நம்ப மாட்டேங்கிறாங்க!”

“நான் என்ன பண்ணுவேன்? அது அப்ப தமாஷா இருந்துச்சு.”

“நாளைக்கு அத்தனை பேரும் தப்பா வரைவாங்களே! அதுவும் தமாஷா?”

அவன் முகத்தைக் கோட்டுப் பக்கமே வைத்துக்கொண்டான். காது மட்டும் சிவந்தது.

“சின்னு!” அம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள். “போனைக் குடு. கோட்டுக்காரர் தெருமுனைக்கு வந்ததும் கூப்பிடுவார். ஊருக்கு வண்டி பிடிக்கணுமாம், அவசரமா வந்து வாங்கிக்கிட்டுப் போவார்.” பிறகு தரையைப் பார்த்தாள். “இது என்ன, கூடை கவுந்து கிடக்கு?”

“அம்மா, கொஞ்ச நேரம் மட்டும்மா! அப்புறம் உன் ஏப்ரனும் வேணும்.”

“ஏப்ரனா? நேத்தே அதுல சாக்பீஸைப் பூசி வச்சுட்டு, நான் அதோட போய் வாசல்ல நின்னேன். வந்தவங்க எல்லாம் என் நெஞ்சையே பாத்துட்டுப் போனாங்க. இன்னிக்கும் நான் இதயத்தை வெளிய போட்டுக்கிட்டு நிக்கணுமா?”

சின்னுவுக்குச் சிரிப்பு வரவில்லை. உதடு துடித்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

“என்னடி ஆச்சு?”

“நான் தப்பா சொல்லிக் குடுத்துட்டேன்மா. எல்லாரும் நம்பிட்டாங்க. சரியா கேட்டவளைக் கிண்டல் பண்ணிட்டேன். இப்ப உண்மையைச் சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க. என் முகத்தைப் பாத்தாதான் நம்புவாங்க. நான் மறுபடி வீடியோ எடுக்கணும்.”

அம்மா இடுப்பு முடிச்சை அவிழ்த்தாள். ஏப்ரனைக் கழற்றி நீட்டினாள்.

“கோட்டுக்காரர் கூப்பிட்டா உடனே ஓடி வந்து போனைக் குடுக்கணும். சட்டையெல்லாம் பொறுக்கிக் கூடையில போடணும். சரியா?”

“சரிம்மா!”

அண்ணன் அதற்குள் கூடையை நிமிர்த்தியிருந்தான். யாரும் சொல்லாமலே சட்டைகளைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தான்.

“நில்லு, அந்த வெளிச்சத்துக்கு வா,” என்றான். “இந்தத் தடவை பின்பக்கக் கேமரா. உன் முகம் உனக்குத் தெரியாது. பரவாயில்லையா?”

“முடி எப்படி இருக்கு?”

“காக்கா கூடு மாதிரி.”

“இருக்கட்டும்,” என்றாள் சின்னு. சொல்லிவிட்டு ஒரு நொடி யோசித்தாள். “அண்ணா, படம் நேராத்தான் இருக்குன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? எழுத்து ஏதாவது வேணும். எழுத்து நேரா இருந்தா, படமும் நேராத்தான் இருக்கும்.”

சுற்றிலும் பார்த்தாள். சீக்கிரம் தர வேண்டிய துணிகளில் அம்மா குத்தி வைக்கும் மஞ்சள் அட்டைகள் ஒரு டப்பாவில் கிடந்தன. ஒவ்வொன்றிலும் பெரிதாக ‘அவசரம்’ என்று அச்சடித்திருந்தது. ஒன்றை எடுத்து ஏப்ரனில் குத்திக்கொண்டாள்.

“பொருத்தமாத்தான் இருக்கு,” என்றான் அண்ணன். போனைப் பார்த்து நாக்கைக் கடித்தான். “சார்ஜ் சிவப்புல இருக்கு. சீக்கிரம்!”

சின்னு இதயத்தை வரைந்தாள். அவசரத்தில் அது கொஞ்சம் உருளைக்கிழங்கு மாதிரி வந்தது. அழித்து வரைய நேரமில்லை.

“ஆரம்பி.”

“நான்... நான் சின்னு. நேத்து நான் போட்ட வீடியோ...”

டிரிங்! டிரிங்!

கோட்டுக்காரர்.

அண்ணன் போனோடு முன்னறைக்கு ஓடினான். சின்னு சாக்பீஸைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள். முன்னறையில் அம்மா பேசுவது கேட்டது. “வாங்க, ரெடியா இருக்கு... பட்டனா? தெச்சாச்சு... இல்லீங்க, அதே கலர் பட்டன்தான்... பக்கத்துக் கடைக்குப் போயிடாதீங்க, பச்சைப் பலகை, பச்சைப் பலகை!” பேச்சு முடியவேயில்லை. ஒரு பட்டனைப் பற்றி இவ்வளவு பேச முடியுமா?

இந்நேரம் பம்பரம் இன்னொரு பக்கம் வரைந்திருப்பாள். கொஞ்ச நேரத்தில் எல்லாரும் நோட்டை மூடிவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். காலையில் டீச்சர் கேள்வித்தாளோடு வந்துவிடுவார். சின்னுவின் உள்ளங்கை வியர்த்து, நீலச் சாக்பீஸ் விரல்களில் ஒட்டியது.

அண்ணன் ஓடி வந்தான். மூச்சு வாங்கியது. “சார்ஜரையும் எடுத்துட்டு வந்துட்டேன். ஒயர் குட்டை. இந்தச் சுவர்கிட்ட வா. இன்னும் கொஞ்சம். ம், பேசு.”

சுவருக்கும் மெஷினுக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டு நின்று சின்னு பேசினாள்.

“நான் சின்னு. எங்கண்ணன் இல்ல. எங்கண்ணன் போனைப் பிடிச்சுக்கிட்டு இருக்கான். நேத்து நான் போட்ட வீடியோல பக்கம் மாறித் தெரியுது. போன் கண்ணாடி மாதிரி மாத்திடுச்சு. இதோ ‘அவசரம்’னு இருக்கு பாருங்க, எழுத்து நேரா தெரியுதா? அப்போ இந்தப் படம் நேரா இருக்குன்னு அர்த்தம். நீலம் இங்க. நீங்க பேப்பர்ல வரையறப்போ உங்க இடது கைப் பக்கம் வரும். புத்தகத்துல இருக்கிற மாதிரியே.”

நீலத்தைப் பூசினாள். சிவப்பைப் பூசினாள். அப்புறம் நின்றாள். அண்ணன் ‘முடிஞ்சுதா?’ என்று கண்ணால் கேட்டான். அவள் தலையாட்டி மறுத்தாள். இதைச் சொல்லத்தான் ரொம்பப் பயமாக இருந்தது.

“நேத்து புதுசு இதைத்தான் கேட்டா. அவ கேட்டது சரி. நான் சரியா பாக்காமயே அவளைக் கிண்டல் பண்ணினேன். அப்புறம்தான் நீங்க எல்லாரும் சிரிச்சீங்க. நான்தான் ஆரம்பிச்சு வச்சேன். புதுசு, மன்னிச்சுக்கோ.”

அண்ணன் தன் தலையையும் கேமராவுக்குள் நீட்டினான். “லீவு மெசேஜ் போட்டது நான். இது போட்டது இவ. நம்புங்கப்பா.”

அனுப்பியாயிற்று.

பிறகு இரண்டு பேரும் சார்ஜர் ஒயருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து திரையையே பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. முன்னறையில் கோட்டுக்காரர் வந்து, கோட்டைப் போட்டுப் பார்த்து, பட்டனை எண்ணி, போயும் விட்டார்.

“யாரும் பாக்கலையோ?”

“பாக்கறாங்க. பாரு, ஒவ்வொருத்தரா பாக்கறாங்க.”

டிங்.

ரேடியோ: ‘அப்போ நேத்து எங்களைத் தப்பாப் படிக்க வச்சியா?’ பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம். அடுத்து இன்னொருவனின் சிரிக்கும் முகம். சின்னு முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

டிங்.

“பம்பரம்டி,” என்று அண்ணன் ஓட விட்டான்.

“அடிப்பாவி! ஒரு பக்கம் பூரா இதயம்! எல்லாம் முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குது! இப்ப எல்லாத்தையும் ‘திரும்பி நில்லு’ன்னு சொல்லணும்! நல்லவேளை இன்னிக்கே சொன்ன. நாளைக்குச் சொல்லியிருந்தா உன்னைக் கொன்னிருப்பேன். இரு, வரையறேன்.”

சின்னு தலையை நிமிர்த்தினாள்.

கொஞ்ச நேரத்தில் பம்பரம் தன் புதுப் படத்தைப் போட்டாள். நீலம் இடது ஓரத்தில். பின்னாலேயே இன்னொருத்தி. ரேடியோகூட ஒன்று போட்டான். ‘என்னுது சரியா? யாராவது பாருங்க’ என்று கீழே எழுதியிருந்தான். நேற்று எல்லாரும் சும்மா இதயக்குறி போட்டுவிட்டுப் போனார்கள். இன்று புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருவர் படத்தை ஒருவர் சரி பார்த்தார்கள். ஒருவனுக்கு வால்வு ஒன்று குறைந்தது. இன்னொருத்திக்கு அம்புக்குறி திரும்பியிருந்தது.

சின்னு ஒவ்வொரு பேராகப் பார்த்தாள். புதுசின் பேர் மட்டும் வரவில்லை.

“அவ குழுவை விட்டே போயிட்டாளோ?”

“இல்ல. பேரு இருக்கு.”

“அப்போ கோவமா இருப்பா.”

அப்போது திரையின் மேலே சின்ன எழுத்தில் ஒரு வரி தோன்றியது. ‘புதுசு எழுதுகிறார்...’

மறைந்தது.

மறுபடி தோன்றியது. மறுபடி மறைந்தது.

சின்னு திரைக்கு மேலே குனிந்தாள். அண்ணனும்தான்.

டிங்.

எழுத்து இல்லை. குரல். ரொம்ப மெல்லிய குரல். போனைக் காதோடு ஒட்ட வைத்துத்தான் கேட்க முடிந்தது.

“நான் ஒண்ணு கேக்கலாமா? சிரிக்க மாட்டீங்களே? இதயத்துலருந்து வெளிய போற குழாய்க்குத் தமனின்னு பேரு. எல்லாத் தமனியும் சிவப்புல இருக்கு. ஆனா நுரையீரலுக்குப் போற தமனி மட்டும் நீலமா இருக்கு. அது ஏன்? எனக்கு ஒரு பதில் தோணுது. ஆனா சரியான்னு தெரியல.”

சின்னு புத்தகத்தை எடுத்தாள். ஆமாம், அது நீலம்தான். இத்தனை தடவை வரைந்தும் அது அவள் கண்ணில் படவே இல்லை. அண்ணனைப் பார்த்தாள்.

“என்னைப் பாக்காத. நான் படிச்சேன், மறந்துட்டேன்.”

 ரேடியோகூட வாயைத் திறக்கவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது மட்டும் தெரிந்தது. இப்போது யாராவது ஒரு சிரிக்கும் முகத்தைப் போட்டால் போதும், புதுசு இந்தக் கேள்வியையும் நீக்கிவிடுவாள்.

சின்னு, நீலமும் சிவப்பும் அப்பிய விரலால் மைக் பொத்தானை அழுத்தினாள்.

“எனக்கும் தெரியல, புதுசு. உனக்குத் தோணினதைச் சொல்லு, நாங்க எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்கோம்.”